மஞ்சப்பைக்கு அடுத்தது என்ன?

கேள்வி:

திருச்சியில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். கீழே ஹால், சமையலறை, மாமியாரின் அறை. மாடியில் இரண்டு படுக்கையறைகள். நான், கணவர், ப்ளஸ் டூ படிக்கும் மகன், மாமியார் என நான்கு பேர். நம்மால் பூமிக்குக் கெடுதல் குறைய வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. துணிப்பை இல்லாமல் கடைக்குப் போவதில்லை. கறி, மீன் வாங்க எவர்சில்வர் தூக்கு கொண்டுபோகிறேன். பல் துலக்க மூங்கில் பிரஷ், பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நார். ஆனால் மகன், "இதையெல்லாம் செஞ்சுட்டு ராத்திரி பூரா ஏசி போட்டுத் தூங்குறோமேம்மா" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வீட்டு நிலவரம் இதுதான்: கோடையில் இரண்டு மாத மின்கணக்கு 760 யூனிட் வரை போகிறது, மார்கழி, தை வாக்கில் 400. மாடி அறையில் ஒரே ஒரு ஏசி, ஒன்றரை டன், ஏழு வருடப் பழசு; 22 டிகிரியில் வைத்தால்தான் தூங்க முடிகிறது. ஒவ்வொரு கோடையிலும் மெக்கானிக் வந்து, கேஸ் குறைந்துவிட்டது என்று நிரப்பிவிட்டுப் போகிறார். ஃப்ரிட்ஜ் வாங்கி 18 வருடம் ஆகிறது, நன்றாகத்தான் ஓடுகிறது. காஸ் சிலிண்டர் 40 நாள் வரும். கணவர் வேலைக்குப் போய்வர தினமும் 20 கிலோமீட்டர் ஸ்கூட்டர் ஓட்டுகிறார். குடிக்க ஆர்.ஓ. தண்ணீர்.

சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் எடுத்துவிட்டு ஸ்டீலுக்கு மாறலாமா? ஃப்ரிட்ஜை மாற்றலாமா? இண்டக்‌ஷன் அடுப்பு நல்லது என்கிறார்களே, அதற்குப் போகலாமா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யக் கையில் பணம் இல்லை. எதில் தொடங்குவது?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்குப் போடத் தேவையான எண்கள் எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கரியமில வாயு வெளியேறுகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடும் அளவு இது. அப்படியானால் உங்கள் 760 யூனிட்டுக்குச் சுமார் 550 கிலோ. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயு வரும். ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. 40 நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை சிலிண்டர், அதாவது 60 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ. உங்கள் கணவரின் ஸ்கூட்டர் இரண்டு மாதத்தில் 50 கிலோ வரை விடுகிறது. நீங்கள் துணிப்பை கொண்டுபோகாமல் தினமும் இரண்டு கேரி பை வாங்கியிருந்தால் இதே இரண்டு மாதத்தில் அவற்றின் எடை முக்கால் கிலோவைத் தாண்டாது. அவற்றைத் தயாரித்ததையும் பிறகு எரித்துவிடுவதையும் சேர்த்தாலும் மூன்று, நான்கு கிலோவில் நின்றுவிடும்.

ஒரு பக்கம் 550, மறுபக்கம் 4. பருவநிலைக் கணக்கில் உங்கள் மகன் கை காட்டிய இடம் சரியானது. ஆனால் இதை வைத்துத் துணிப்பையை வீண் வேலை என்று அவர் நினைத்தால் அது தவறு. பிளாஸ்டிக் பை செய்யும் கெடுதல் வேறு வகையைச் சேர்ந்தது. அது சாக்கடையை அடைக்கிறது, மாட்டின் வயிற்றில் சேர்கிறது, தெருமுனையில் எரிக்கப்பட்டு அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூச்சில் போகிறது. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்ததும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதும் இதற்காகத்தான். துணிப்பையையும் தூக்கையும் தொடருங்கள். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: புதிதாகத் துணிப்பை வாங்காதீர்கள். பருத்தி விளையத் தண்ணீரும் உரமும் வேண்டும், நெய்யவும் சாயம் போடவும் மின்சாரம் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட அது பருவநிலைக்கு நல்லதாகிறது. கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகளே உங்கள் பீரோவில் இருபது, முப்பது இருக்கும். அவை கிழியும்வரை போதும்.

பிளாஸ்டிக் டப்பாக்களுக்கும் இதையே சொல்வேன். அவற்றைச் செய்ய ஆன செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. தூக்கிப் போட்டால் குப்பை கூடும். பதிலுக்கு ஸ்டீல் வாங்கினால் அதை உருக்கி வார்த்த நிலக்கரியும் உங்கள் கணக்கில் சேரும். சூடான சாம்பாரையும் எண்ணெய்ப் பண்டத்தையும் அவற்றில் போடாதீர்கள். பருப்பு, மல்லி, மிளகாய் போட்டு, உடையும்வரை வைத்திருங்கள். மூங்கில் பிரஷைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஏசிக்கு வருவோம். உங்கள் வீட்டில் பெரிய விஷயம் அதுதான். கோடைக்கும் மார்கழிக்கும் இடையே 360 யூனிட் வித்தியாசம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி அந்த ஓர் அறையில் செலவாகிறது. ஓர் இரவுக்கு 6 யூனிட் அளவு என்று வையுங்கள்.

ஏசியை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அக்னி நட்சத்திரத்தில் திருச்சி மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். தூக்கமில்லாத மனிதர் மறுநாள் வண்டி ஓட்டவும் பரீட்சை எழுதவும் முடியாது. ஆனால் 22 டிகிரி ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு பூராவும் அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கிறது. ஏசி குளிர்விப்பது அறைக் காற்றை. உங்கள் உடம்பில் வந்து படுவது தளத்தின் அனல். அதனால்தான் 26 போதவில்லை என்று தோன்றுகிறது.

ஆகவே முதல் செலவு தளத்துக்கு. மொட்டை மாடிக்கு வெள்ளை பூசுங்கள். சுண்ணாம்பு போதும். கூடுதல் நாள் தாங்க வேண்டும் என்றால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு தனியாகக் கடைகளில் கிடைக்கிறது. மாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியைக் கூட்டிக் கழுவி, காயவிட்டு, இரண்டு கை பூசினால் கோடைக்குத் தாங்கும். அறைக்குள் இரண்டு, மூன்று டிகிரி குறைவதை நீங்களே உணர்வீர்கள். மேற்குச் சுவரில் வெயில் நேராக விழுகிறது என்றால் ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டுங்கள். வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. பகல் பதினோரு மணி முதல் மாலைவரை மாடி ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். உங்கள் மாமியார் தலைமுறை பந்தல் போட்டும் தட்டி கட்டியும் செய்த வேலை இதுதான். அவரிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இதைச் செய்துவிட்டு ஏசியை 26-ல் வைத்து, கூடவே ஃபேனை இரண்டாம் எண்ணில் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. சொல்கிறது. 22-லிருந்து 26-க்கு வந்தால் ஏறக்குறைய கால்வாசி குறையும். விடியற்காலை நாலு மணிக்கு நின்றுவிடும்படி டைமர் வைத்தால் இன்னும் குறையும். உள் யூனிட்டின் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். தூசி அடைத்தால் இயந்திரம் மூச்சு வாங்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்படுத்திய வரி வேறொன்று. ஒவ்வொரு கோடையிலும் கேஸ் நிரப்புகிறீர்கள் என்பது. ஏசியில் இருக்கும் வாயு பெட்ரோலைப்போல் ஓட ஓடத் தீர்வதல்ல. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைகிறது என்றால் ஓர் இடத்தில் கசிகிறது, காற்றில் கலக்கிறது என்று பொருள். உங்கள் வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். எந்த வாயு, எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். ஆர்-410ஏ என்று இருந்தால், அதில் ஒரு கிலோ காற்றில் கலப்பது 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். உங்கள் கோடைக்காலப் பில் நான்கு சேர்ந்தால்தான் ஏறக்குறைய அந்த அளவு வரும். பழைய ஆர்-22 என்றால் சுமார் 1,800 மடங்கு, கூடவே ஓசோன் படலத்துக்கும் கேடு. புதிய ஆர்-32 என்றால் 675 மடங்கு. ஒன்றரை டன் ஏசியில் ஒரு கிலோ அளவுக்கு வாயு இருக்கும். அதில் பாதி வருடந்தோறும் போனாலும் நீங்கள் வேறு எங்கே எதைச் சேமித்தாலும் அந்த ஓட்டை வழியாகப் போய்விடுகிறது.

மறுபடி மெக்கானிக் வரும்போது, "நிரப்ப வேண்டாம், முதலில் லீக் எங்கே என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். பெரும்பாலும் வெளி யூனிட்டோடு குழாய் சேரும் நட்டில் இருக்கும், அல்லது சுவரில் உரசித் தேய்ந்த வளைவில் இருக்கும். அதைச் சரிசெய்த பிறகு, குழாயிலுள்ள காற்றை வெற்றிடப் பம்பு போட்டு எடுத்துவிட்டு, சீட்டில் உள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு நிரப்ப வேண்டும். மீதமிருக்கும் பழைய வாயுவை வால்வைத் திறந்து காற்றில் விடாமல் தனி உருளையில் பிடித்து எடுக்கும் வசதி இருப்பவரைக் கூப்பிடுங்கள். இதற்கு நிரப்பும் கூலியைவிடக் கூடுதலாக ஆகும். வருடாவருடம் நிரப்பக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால் இது குறைவாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் குளிர்விக்கும் சுருளே அரித்துப் பல இடத்தில் பொத்தலாகியிருந்தால் மட்டும் ஏசியை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். அப்போது ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி, வாயு ஆர்-32 அல்லது ஆர்-290 என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஃபேன். ஏசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் வருடத்தில் பத்து மாதம் ஓடுவது ஃபேன்தான். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. வகை ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தரும். உங்கள் ஹாலில் தினம் 15 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரே ஃபேனை மாற்றுவதால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். விலை 3,000 ரூபாய் அளவில் இருக்கும். உங்கள் மின்கட்டணத்தில் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் திரும்பிவிடும். எல்லா ஃபேனையும் சேர்த்து மாற்ற வேண்டாம். ஹாலிலும் மாமியார் அறையிலும் இருப்பதை முதலில் மாற்றுங்கள். இந்த வகைக்குப் பழைய ரெகுலேட்டர் ஒத்துவராது; எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். விருந்தினர் வந்தால் மட்டும் சுழலும் ஃபேன் இருக்கிறபடியே இருக்கட்டும். 500 யூனிட்டைத் தாண்டும்போது பில் எப்படி எகிறுகிறது என்று உங்களுக்கே தெரியும். தளமும் ஏசியும் ஃபேனும் சேர்ந்து உங்களை அந்தக் கோட்டின் பக்கம் கொண்டுவந்துவிடும்.

ஃப்ரிட்ஜை என்ன செய்வது என்பதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள், அளந்து பாருங்கள். பிளக்குக்கும் சுவருக்கும் இடையில் செருகும் சின்ன மின் அளவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது இல்லாவிட்டாலும், வீட்டில் எல்லோரும் வெளியூர் போகும் நாளில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, போகும்போதும் வந்ததும் மீட்டரைக் குறித்துக்கொண்டால் போதும். மகனுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். கேள்வி கேட்டவர் அவர்தானே. ஒரு நாளைக்கு 2 யூனிட் அளவில் வந்தால் மாற்றிவிடலாம். இன்றைய 250 லிட்டர், மூன்று நட்சத்திர ஃப்ரிட்ஜுக்கு முக்கால் யூனிட்கூட ஆகாது. 18 வருடம் ஓடிய பெட்டி என்பதால் மாற்றச் சொல்கிறேன். ஆறேழு வருடப் பெட்டியாக இருந்தால், கதவு ரப்பரை மட்டும் பாருங்கள் என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. புதியது வாங்கினால் பழையதை மாடியில் ‘தண்ணீர் பாட்டில் வைக்க’ என்று ஓடவிடாதீர்கள். பல வீடுகளில் நடப்பது இதுதான். பழைய பெட்டியைத் தெருவில் வரும் காயலான் கடைக்காரரிடம் போட்டால் குழாயை அறுத்து வாயுவைக் காற்றில் விட்டுவிடுவார். மின்கழிவு விதிகளின்படி உற்பத்தி நிறுவனங்களுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு இருக்கிறது. வாங்கும் கடையில் அதைக் கேட்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்துக்குப் போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு விஷயத்தில் என் பதில் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம். ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 130 யூனிட் வேண்டும். நம் மின்தொகுப்பில் அது 90 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. சிலிண்டரை எரித்தால் 43 கிலோ. எல்.பி.ஜி.யை எடுத்துச் சுத்திகரித்து கப்பலிலும் லாரியிலும் கொண்டுவருவதைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி மூடாது. மின்சாரத்தில் காற்றாலையும் சூரியனும் கூடக் கூட இந்தக் கணக்கு மாறும். உங்கள் மொட்டை மாடியில் சோலார் வந்தால் அன்றைக்கே பகல் சமையலுக்கு மாறிவிடும். அதுவரை இருக்கும் அடுப்பையே சிக்கனமாக எரியுங்கள். கொண்டைக்கடலையை இரவே ஊறவையுங்கள். பருப்பைச் சமைப்பதற்கு அரை மணி முன் ஊறப்போடுங்கள். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வையுங்கள். உள்ளே வெப்பம் 120 டிகிரியை ஒட்டி நின்றுவிடும்; அதன்பின் தீயைக் கூட்டினால் விசில்தான் கூடுமே தவிரப் பருப்பு சீக்கிரம் வேகாது. பாத்திரத்தின் அடியைத் தாண்டி ஓரத்தில் ஏறும் தீ காற்றுக்குத்தான் போகிறது. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

சமையலறைக் கழிவைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. தோலும் காம்பும் மீந்த சோறும் ஒரே கவரில் கட்டப்பட்டுக் குப்பை வண்டியில் போகின்றன என்றால், அதை இந்த வாரமே மாற்றுங்கள். இதற்குப் பணம் வேண்டாம். அரியமங்கலம் குப்பை மலையைத் திருச்சிக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. காற்றுப் புகாத அந்த அடுக்குகளுக்குள் உணவுக் கழிவு அழுகி மீத்தேன் ஆகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்குவது. அடிக்கடி தீப்பிடிக்கவும் அதுவே காரணம். அதே தோலும் காம்பும் உங்கள் மாடியில் காற்றோட்டமாக மக்கினால் மீத்தேன் உருவாவது மிகக் குறைவு. அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட மண் தொட்டி இரண்டு போதும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகோ தென்னை நார்த்தூளோ போட்டு மூடுங்கள். புளித்த மோர் ஒரு கரண்டி தெளித்தால் விரைவில் தொடங்கும். நாறினால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். மக்காமல் அப்படியே கிடந்தால் ஈரம் குறைவு, தண்ணீர் தெளியுங்கள். ஒன்று நிறைந்தபின் மற்றொன்று நிறைவதற்குள் முதலாவது மக்கிவிடும். மீன் செதிலையும் எலும்பையும் இதில் போட வேண்டாம், எலி வரும்.

அதற்கும் முன்னால், எறிவதைக் குறைக்க வேண்டும். நெல் வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரிலிருந்தும் மீத்தேன் வருகிறது. ஒரு கிலோ அரிசிக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் போகிறது. டெல்டாவின் வாசலில் இருக்கும் உங்களுக்கு அந்தத் தண்ணீரின் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும். சோறு மீந்தால் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையதாகச் சாப்பிடும் வழக்கம் உங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தால் மீட்டெடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று வேளை கேழ்வரகு, சாமை, வரகு என்று மாற்றிக்கொள்ளலாம். மானாவாரியில் விளைபவை அவை. கறி வாங்குபவர் என்பதால் இதையும் சொல்கிறேன்: அசைபோடும் விலங்குகள் ஏப்பத்தில் மீத்தேன் விடுவதால், ஆட்டுக்கறியின் சுமை கோழி, மீனைவிடப் பல மடங்கு. நான்கு ஞாயிறில் இரண்டு ஞாயிறு மீனாக இருக்கட்டும்.

ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர மூன்று லிட்டர் அளவுக்குச் சாக்கடைக்கு அனுப்புகிறது. உப்பு மிகுந்த போர் தண்ணீருக்கு அது தேவை. கரைந்த உப்பின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டது. உங்கள் வீட்டுக்கு வருவது மாநகராட்சியின் காவிரித் தண்ணீர் என்றால், டி.டி.எஸ். அளவியால் ஒருமுறை பாருங்கள். 500-க்குக் கீழே இருந்தால் வடிகட்டிக் கொதிக்கவைத்தோ, புற ஊதாக் கதிர் வடிப்பானில் விட்டோ குடிக்கலாம். ஆர்.ஓ. அவசியம்தான் என்று தெரிந்தால், வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் ஊற்றுங்கள். செடிக்கு மட்டும் வேண்டாம்; உப்பு மண்ணில் தங்கிவிடும்.

ஸ்கூட்டரை இன்றைக்கே மாற்ற வேண்டியதில்லை. அதன் காலம் முடிந்து அடுத்ததை வாங்கும் நாள் வரும்போது மின்சார ஸ்கூட்டராக வாங்குங்கள். நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 3 யூனிட் ஆகும்; நிலக்கரி மின்சாரமே என்றாலும் பெட்ரோலில் வரும் கரியமில வாயுவில் பாதிக்கும் கீழேதான். அடுப்புக்கு ஒத்துவராத கணக்கு வண்டிக்கு ஒத்துவரக் காரணம், பெட்ரோல் எஞ்சின் தான் குடிப்பதில் பெரும்பகுதியை வெறும் சூடாக வீணாக்குவது. நீங்கள் காந்தி மார்க்கெட்டுக்குப் போக டவுன் பஸ் இருக்கிறது. அரசின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமும் இல்லை.

கடைசியாக சோலார். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொந்த வீடு, சொந்த மொட்டை மாடி என்று எழுதியிருப்பதால் சொல்லாமல் விட மனம் இல்லை. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். உங்கள் மார்கழி, தை இரண்டு மாதக் கணக்கைவிட அது கூடுதல். 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று மத்திய அரசு அறிவித்தது. உங்களுக்கு இது முதல் வருட வேலை அல்ல. இந்தக் கோடைக்குள் தளப் பூச்சு, ஏசி லீக், இரண்டு ஃபேன், மண் தொட்டி. அளந்து பார்த்த பிறகு ஃப்ரிட்ஜ். செலவு 500 யூனிட்டுக்குக் கீழே வந்த பிறகு சோலார் போட்டால் 3 கிலோவாட் போட வேண்டிய இடத்தில் 2 போதும். அதுவரைக்கும் வாஷிங் மெஷின், கிரைண்டர், தண்ணீர் மோட்டார் மூன்றையும் பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் ஓடவிடுங்கள். தமிழ்நாட்டின் சூரிய மின்சாரம் தொகுப்பில் நிறைந்திருக்கும் நேரம் அது. மாலை ஆறு முதல் பத்து வரை நிலக்கரிதான் சுமையைத் தாங்குகிறது.

சோலார் போடும் முன் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டு மாமர நிழலும் மாடியில் எங்கெங்கே விழுகின்றன என்று காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மார்கழியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை. எந்த இடத்தில் தகடு நிறுத்தலாம் என்று சோலார் பொறுத்துபவர் கேட்கும்போது அந்தப் படங்களைக் காட்டலாம். தகட்டின் கால்களுக்குத் தளத்தைத் துளைக்க வேண்டி வந்தால், அந்த இடங்களுக்கு மட்டும் ஒழுகாத பூச்சு போட்டு, வெள்ளையை மறுபடி அடித்துவிடச் சொல்லுங்கள்.